பனியன் கம்பெனியில் வேலை அழுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பின்னலாடை யூனிட்களில் உரிமையாளர்களும் எச்.ஆர். ஆட்களும் லைன் சூப்பர்வைசர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டவையும் உண்டு. 100 பேரிலிருந்து 500 பேர் வரை வேலை செய்யும் யூனிட்டை மனதில் வைத்து எழுதியது இது.

ஷிப்மெண்ட் என்றாலே டென்ஷன்தானே? அழுத்தம் இல்லாத வேலை எங்கே இருக்கிறது?

எங்கேயும் இல்லை. கப்பல் தேதி நெருங்கும்போது வேலை வேகம் எடுப்பதில் தப்பும் இல்லை. நல்ல டைலருக்கு அந்த வேகம் பிடிக்கவே செய்யும். பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்: ஷிப்மெண்ட் போன பிறகு வேகம் இறங்குகிறதா? வேகமாக ஓடும் அந்த நாட்களில், வேலை செய்பவர் கையில் ஏதாவது முடிவு இருக்கிறதா?

ராபர்ட் காராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலைப் பளு மட்டும் ஆளை உடைப்பதில்லை. பளு அதிகமாக இருந்து, அதை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்ற அதிகாரம் கொஞ்சமும் இல்லாதபோதுதான் உடம்பும் மனசும் கெடுகின்றன. தையல் லைனை நினைத்துப் பாருங்கள். முன்னால் இருப்பவர் தள்ளுகிற பீஸ் வந்துகொண்டே இருக்கும், பின்னால் இருப்பவர் காத்துக்கொண்டே இருப்பார், எழுந்து போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். காராசெக் சொன்னது அப்படியே நம்ம லைனுக்குப் பொருந்தும்.

எல்லா வாரமும் ஷிப்மெண்ட் வாரமாகவே ஓடினால், இறங்குவதற்கு இடமே கிடைக்காது. தூக்கம் கெடும், தலைவலி, முதுகுவலி, வயிற்று எரிச்சல் வரும், வீட்டில் குழந்தை மேல் கோபம் போகும். இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனி நோயாக நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையான டென்ஷன் முதலாளிக்குத்தான். பேங்க் வட்டி, பையர், நூல் விலை எல்லாம் என் தலையில். தொழிலாளிக்கு என்ன?

உங்களுக்கு இருப்பது நிஜமான டென்ஷன்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அரசு ஊழியர்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மேல்மட்ட அதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பது அன்றைய நம்பிக்கை. நடந்தது நேர்மாறு. இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் கடைநிலையில் இருந்தவர்களிடம் மேல்நிலையில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடிப்பது போன்ற காரணங்களைக் கழித்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. அடுத்த கட்ட ஆய்வுகளில், தன் வேலையின் மேல் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது அதில் பெரிய பங்கு வகிப்பதாகத் தெரிந்தது.

ஒரு நாள் முடியவில்லை என்றால் நீங்கள் பதினோரு மணிக்கு வரலாம். தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்ணால் அது முடியாது.

யார் அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஆப் ஏதாவது வாங்க வேண்டுமா?

வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பதிவேடுகளே போதும். அவற்றை இந்தக் கண்ணோடு யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அட்டெண்டன்ஸ். மொத்த லீவு எத்தனை என்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. லைன் வாரியாகப் பிரியுங்கள். சனிக்கிழமை சம்பளம் போட்டால் திங்கட்கிழமை ஆள் குறைவது ஊரறிந்த விஷயம், அதை எல்லோரும் குடி மேல் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒரே கட்டடத்தில், ஒரே சம்பள நாளில், மூன்றாவது லைனில் மட்டும் திங்கட்கிழமை ஆள் இல்லை என்றால் காரணம் குடி அல்ல. அந்த லைனில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

அடுத்தது, சேர்ந்து மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டவர்கள் பட்டியல். அவர்கள் யார் கீழ் வேலை செய்தார்கள் என்று எதிரே எழுதுங்கள். ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தால் உங்களுக்கே புரியும்.

மூன்றாவது ஆல்டர் கணக்கு. தையல் தப்பிப் பிரித்துத் தைக்க வந்த பீஸ்களை மணி வாரியாகப் பாருங்கள். காலை இரண்டு மணி நேரத்தில் வந்ததைவிட மாலை ஆறு மணிக்கு மேல் வந்தது இரண்டு மடங்கு என்றால், அந்த நேரத்தில் கை வேலை செய்கிறது, ஆள் இல்லை என்று பொருள். அந்த ஓவர்டைமுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி, மறுநாள் பிரித்துத் தைக்கத்தான் போகிறது.

நான்காவது நர்ஸ் அறை நோட்டு. இதுதான் எனக்குப் பிடித்த ஆதாரம், ஏனென்றால் இதில் யாரும் பொய் எழுதுவதில்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால் "தலைவலி, மாத்திரை 1" என்று வரிசையாக இருக்கும். நேரத்தைப் பாருங்கள். மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கூட்டமாக வருகிறதா? அயர்னிங் ஆட்களிடமிருந்தா? அப்படியென்றால் சூடு, தண்ணீர் பற்றாக்குறை. விரலில் ஊசி ஏறிய கேஸ்கள் எந்த வாரத்தில் வந்தன? ஷிப்மெண்ட் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெண் வாரம் மூன்று முறை "மயக்கம்" என்று வந்திருந்தால், அது ரத்தசோகையாக இருக்கலாம், சாப்பிடாமல் வருவதாக இருக்கலாம், வீட்டுப் பிரச்சினையாக இருக்கலாம். விசாரிக்காமல் தெரியாது.

இந்த நான்கையும் மாதம் ஒரு முறை ஒரே தாளில் எழுதி வைக்க அரை நாள் ஆகும். மூன்று மாதத்துத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த லைன், எந்த வாரம், எந்தப் பிரிவு என்று படம் கிடைத்துவிடும். ஆள் பேர் வேண்டியதில்லை. நீங்கள் தேடுவது பலவீனமான ஆளை அல்ல, ஆளைப் பலவீனமாக்குகிற இடத்தை.

கேள்வித்தாள் கொடுத்து சர்வே எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் முடிவைப் பார்த்து எதையாவது மாற்றுவீர்கள் என்றால் மட்டும். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் அடுத்த முறை எல்லாத் தாளிலும் "நன்றாக இருக்கிறது" என்றே வரும். ஆர்டர் தரும் பையர் யூனிட்டைச் சோதிக்கும் ஆடிட்டுக்கு முன்னால் பதில் சொல்லிக் கொடுத்துப் பழக்கிய கம்பெனிகளில் ஏற்கெனவே அப்படித்தான் வருகிறது.

ஜப்பானில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவுக்கு அங்கே "கரோஷி" என்று தனிப் பெயரே உண்டு. 2015 டிசம்பரிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வருடம் ஒரு முறை அழுத்தப் பரிசோதனை நடத்தியாக வேண்டும். பரவலாகப் பயன்படும் கேள்வித்தாளில் 57 கேள்விகள். அதில் நாம் கற்க வேண்டியது கேள்விகளை அல்ல, விதிகளை. தனி ஆளின் முடிவு அந்த ஆளுக்கு மட்டுமே போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளி பார்க்கக் கூடாது. பிரிவு வாரியாகக் கூட்டிப் பார்க்கும்போதும், 10 பேருக்குக் குறைவான பிரிவைத் தனியாகக் காட்டுவதில்லை. யார் என்ன சொன்னார் என்று ஊகித்துவிடலாம் என்பதால்.

நம்ம ஊருக்கு 57 கேள்வி அதிகம். ஏழெட்டு போதும். "நேற்று வேலை நேரத்தில் தேவைப்பட்டபோது பாத்ரூம் போக முடிந்ததா?" "இந்த வாரம் உங்களை யாராவது கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்களா?" "அவசரம் என்றால் லீவு கேட்கத் தைரியம் இருக்கிறதா?" "சூப்பர்வைசரிடம் ஒரு பிரச்சினையைச் சொன்னால் கேட்பாரா?" என்ற மாதிரி. நடந்ததைக் கேளுங்கள். "உங்களுக்கு மன அழுத்தம் உள்ளதா?" என்று கேட்டால் யார் ஆம் என்பார்கள்? தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சிரித்த முகம், சுளித்த முகம் போட்ட சீட்டு. பேர், டோக்கன் நம்பர் எதுவும் கூடாது. சூப்பர்வைசர் கையில் வாங்கவே கூடாது, பூட்டிய பெட்டியில் போட வேண்டும்.

டிப்ரஷனைக் கண்டறியும் மருத்துவக் கேள்வித்தாள்களை எச்.ஆர். கையில் எடுக்க வேண்டாம். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று அதில் ஒரு கேள்வி இருக்கும். ஒருவர் ஆம் என்று எழுதி, அந்தத் தாள் அலமாரியில் தூங்கினால் அது பெரும் பாவம்.

டார்கெட்டைக் குறைத்தால் கம்பெனி எப்படி ஓடும்?

குறைக்கச் சொல்லவில்லை, கணக்கைச் சரியாகப் போடச் சொல்கிறோம். அழுத்தத்துக்குப் பெரிய காரணம் கடினமான டார்கெட் அல்ல, நடக்கவே முடியாத டார்கெட்.

ஒரு உதாரணம். போலோ டி-சர்ட் ஸ்டைல், சாம், அதாவது ஒரு பீஸ் தைக்கக் கணக்கிட்ட நேரம், 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். லைனில் 30 பேர். ஒரு மணி நேரத்துக்கு 30 பேரின் நிமிடங்கள் 1,800. 15-ஆல் வகுத்தால் 120 பீஸ். இது நூறு சதவீதத் திறனில், அதாவது காகிதத்தில். அந்த லைன் நிஜத்தில் 55 சதவீதத்தில் ஓடுகிறது என்றால் 66 பீஸ்தான் வரும். இன்றைக்கு நான்கு பேர் வரவில்லை, 26 பேர்தான். அப்போது 57. போர்டில் என்ன எழுதியிருக்கிறது? 100. ஏனென்றால் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பையரிடம் சொன்ன தேதிக்கு 100 வேண்டும்.

இப்போது லைனில் இருக்கிற 26 பேரும் எட்டரை மணிக்கே தோற்றாயிற்று. பதினொன்றரைக்குள் நூறு பீஸுக்கு மேல் பின்தங்கி இருப்பார்கள். சூப்பர்வைசர் கத்துகிறார், அவரை மேனேஜர் கத்துகிறார். யார் எவ்வளவு ஓடினாலும் அந்த 100 வராது. மனிதனைச் சீக்கிரம் சோர்ந்துபோகச் செய்வது இந்த மாதிரி ஓட்டம்தான். எட்டக்கூடிய இலக்குக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைப்பதுகூட இவ்வளவு களைப்பைத் தராது.

செய்ய வேண்டியது: வந்த ஆள் எண்ணிக்கையை வைத்துக் காலையில் டார்கெட்டைத் திருத்தி எழுதுங்கள். புது ஸ்டைல் ஏறும்போது முதல் இரண்டு மூன்று நாளுக்குக் குறைத்துப் போட்டு ஏற்றுங்கள், கை பழகும் வரை யாராலும் முழு வேகம் தர முடியாது. போலோவில் பட்டி தைக்கிறவரிடம் பீஸ் குவிந்தால் அவரைத் திட்டாமல் இன்னொரு மெஷினைப் போடுங்கள். தேதி தவறினால் சொந்தச் செலவில் ஏர் போட, அதாவது சரக்கை விமானத்தில் அனுப்ப, வேண்டி வரும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தத் தேதியை ஒப்புக்கொண்ட அன்று இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட் வேண்டும் என்று தொழிலாளர்களே கேட்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய?

உண்மைதான், கேட்கிறார்கள். ஒரு ஷிப்ட் கூலியில் வாடகையும் ஸ்கூல் ஃபீசும் கட்ட முடியாததால் கேட்கிறார்கள். விருப்பம் என்று இதைச் சொல்வது கொஞ்சம் தாராளம்.

ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். ஆறு நாளுக்கு 72. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் சாகும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல் என்கிறது. 2016-ல் மட்டும் உலகம் முழுக்க 7,45,000 பேர் நீண்ட வேலை நேரத்தால் இறந்ததாக அதே ஆய்வின் மதிப்பீடு. 72 எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தொழிற்சாலைகள் சட்டமானாலும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பானாலும் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வரம்பு, அதற்கு மேல் இரட்டிப்புக் கூலி. ஆனால் பல யூனிட்களில் அரை ஷிப்டுக்கு அரைக் கூலிதான் போடுகிறார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தது நினைவிருக்கும். சட்டப் புத்தகத்துக்கு வராமல் போனது இங்கே வழக்கத்தில் எப்போதோ வந்துவிட்டது.

ஒரே நாளில் நிறுத்துங்கள் என்றால் நடக்காது. மூன்று விஷயம் நடக்கும். வாரத்தில் எந்த இரண்டு நாள் ஐந்தரைக்கு விடுவோம் என்று முன்கூட்டியே அறிவிப்பது. தொடர்ந்து ஒரு ஞாயிறுகூட வேலை வைக்காமல் இருப்பது. ஓவர்டைம் உண்டு என்பதை அன்று நாலரை மணிக்குச் சொல்லாமல் காலையிலேயே சொல்வது. இந்த மூன்றாவதுக்குப் பைசா செலவில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று ஏற்பாடு செய்ய ஒரு தாய்க்கு நேரம் கிடைக்கிறது, அதுவே பாதி அழுத்தத்தைக் குறைக்கும்.

சூப்பர்வைசர் சத்தம் போடாவிட்டால் வேலை நடக்குமா?

நடக்கிற லைன்கள் இருக்கின்றன. சூப்பர்வைசரைக் குற்றம் சொல்லும் முன் ஒன்றை யோசியுங்கள்: அவர் நேற்று வரை டைலர். நன்றாகத் தைத்ததால் சூப்பர்வைசர் ஆக்கினீர்கள். ஆளை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் தன்னைத் திட்டிய சூப்பர்வைசரைத்தான்.

ஒரே சூழ்நிலை, இரண்டு பேச்சு. பீஸ் தப்பாக வருகிறது.

"ஏய், கண்ணு அவிஞ்சு போச்சா? வூட்டுக்குப் போய்ச் சோறாக்கு, இங்க எதுக்கு வர்றே?"

"அக்கா, காலையிலருந்து ஆல்டர் நிறைய வருதுங்களே. மெஷின்ல ஏதாவது கோளாறுங்களா, இல்ல உங்களுக்கு முடியலைங்களா?"

இரண்டாவதில் பதில் வரும். டென்ஷன் டிஸ்க் சரியில்லை என்றோ, நேற்று ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ. முதலாவதில் பதில் வராது, அடுத்த வாரம் ஆளும் வர மாட்டார். சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள், ஆனால் பயிற்சியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அவரை மேனேஜர் எல்லார் முன்னாலும் திட்டுவதை நிறுத்த வேண்டும். மேலே நடப்பதுதான் கீழே இறங்கும்.

பெண்கள்தான் பெரும்பான்மை. தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பாத்ரூம். ஆமாம், முதலில் அதுதான். பாத்ரூம் போக டோக்கன் வாங்கும் முறை, "இப்பத்தானே போனே?" என்ற கேள்வி, சுத்தமில்லாத கதவு இவற்றால் பல பெண்கள் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, தலைவலி, மயக்கம் எல்லாம் அங்கிருந்து தொடங்குகின்றன. டோக்கனை எடுத்துவிட்டு, லைனுக்கு ஒரு மாற்று ஆளை வையுங்கள்.

இரண்டாவது பாலியல் தொல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். பல யூனிட்களில் குழு சுவரில் ஒட்டிய தாளாக மட்டும் இருக்கிறது, தலைவி பேரைக் கேட்டால் செக்கிங்கில் யாருக்கும் தெரியாது. திண்டுக்கல் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் சங்கம் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் நல்ல அம்சம், லைனிலேயே வேலை செய்யும் பெண்களைப் பயிற்சி கொடுத்துக் கண்காணிப்பாளர்களாக வைத்தது. பிரச்சினை பெரிதாகும் முன்பே, திட்டும் வார்த்தையாக இருக்கும்போதே அவர்கள் பேசித் தீர்க்க முடியும். உங்கள் யூனிட்டில் அப்படி ஒருவரை லைனுக்கு ஒருவராக வைக்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

வடமாநிலத் தொழிலாளர்கள் எதையும் சொல்வதில்லையே?

எந்த மொழியில் சொல்வார்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர் தன் தலைவலியைச் சொல்லவே கான்ட்ராக்டர் வழியாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பல நேரம் பிரச்சினையே அந்தக் கான்ட்ராக்டராக இருக்கும். அவர்கள் மொழி பேசும் ஒரு ஆளை எச்.ஆரில் வையுங்கள். அறையில் பன்னிரண்டு பேரை அடைத்து, நைட் ஷிப்ட் ஆளும் பகல் ஷிப்ட் ஆளும் ஒரே அறையில் தூங்கினால் யாருக்கும் தூக்கம் இருக்காது. ஹாஸ்டலில் இருக்கும் பெண்களிடமிருந்து போனைப் பிடுங்கி வைப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஊரில் அம்மா குரலைக் கேட்க முடியாத பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அது ஜெயில்.

ஊருக்குப் போகிற லீவை முன்பே உறுதி செய்வதும் பெரிய ஆறுதல். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் பாதிப் பேர் சொல்லாமல் கிளம்புவது, சொன்னால் விட மாட்டீர்கள் என்பதால்தான்.

சனிக்கிழமை யோகா வைக்கிறோம். போதாதா?

யோகா நல்லதுதான். ஆனால் அதை வேலை நேரத்தில், கூலியோடு வையுங்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸைத் தவறவிட்டுச் செய்கிற மூச்சுப் பயிற்சி இன்னொரு ஓவர்டைம்.

மெர்ச்சண்டைசிங் ஆட்கள் ராத்திரி பதினோரு மணிக்கும் மெயில் பார்க்கிறார்கள். தவிர்க்க முடியுமா?

ஐரோப்பாவின் கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறது, அமெரிக்காவுடையது இன்னும் பின்னால். நம்ம ராத்திரிதான் அவர்களுக்கு வேலை நேரம், அதனால் முழுக்கத் தவிர்க்க முடியாது. முறை வைக்கலாம். இந்த வாரம் ஒருவர் இரவு மெயில் பார்ப்பார், மறுநாள் பதினோரு மணிக்கு வருவார், மற்றவர்கள் போனை வைத்துவிடலாம். பிரான்ஸில் 2017 முதலே வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைக் கம்பெனிகள் பேசி வகுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் 2024-ல் வந்தது. அதாவது உங்கள் பையரில் சிலருக்கே இந்தப் பேச்சு புதிதல்ல. "காலை ஒன்பது மணிக்குப் பதில் அனுப்புகிறோம்" என்று மெயிலின் கீழே ஒரு வரி போட்டால் ஆர்டர் போய்விடாது. உண்மையில் ராத்திரி தொல்லை பெரும்பாலும் பையரிடமிருந்து வருவதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் "அப்டேட்?" என்று ஒற்றை வார்த்தை போடுகிற எம்.டி.யிடமிருந்து வருகிறது.

ஆர்டரே இல்லாதபோது என்ன அழுத்தம்?

அதுதான் மோசமானது. 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மேல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது பல யூனிட்கள் ஷிப்டைக் குறைத்தன. கூலி குறைந்தது ஒரு பக்கம், நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதது இன்னொரு பக்கம். அந்த மாதிரி நேரத்தில் உரிமையாளர் வாயை மூடிக்கொண்டால் டீக்கடை பேசும், டீக்கடையில் கம்பெனி ஏற்கெனவே மூடிவிட்டிருக்கும். வாரம் ஒரு முறை தளத்துக்கு வந்து, கையில் எத்தனை வாரத்துக்கு ஆர்டர் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். கெட்ட செய்தியானாலும் பரவாயில்லை.

ஒருவர் ரொம்ப உடைந்துபோன மாதிரி தெரிகிறார். என்ன பேசுவது?

தனியாகக் கூப்பிடுங்கள், ஆனால் ஆபீஸ் ரூமுக்கு வேண்டாம். அங்கே கூப்பிட்டாலே வேலை போகப் போகிறது என்று நினைப்பார்கள். "ரெண்டு வாரமா முகம் சரியில்லையே, சாப்பிடறது தூங்கறது எல்லாம் எப்படி இருக்குங்க?" என்று தொடங்கலாம். அறிவுரை வேண்டாம். "எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்பது வேண்டவே வேண்டாம். கேட்டுவிட்டு, லீவா, வேறு பிரிவா, அட்வான்ஸா, எது உதவும் என்று அவரையே கேளுங்கள்.

வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரிப் பேசினால் நேரடியாகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதுங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள், அன்றே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு ஒரு ஆளைக் கூட அனுப்புங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழோடு இந்தி, ஒடியா உள்ளிட்ட பல மொழிகளில் பேசலாம். தமிழக அரசின் 104 இருக்கிறது. சென்னை சினேகா அமைப்பின் எண் 044-24640050. இந்த எண்களை மெயின் கேட்டில் ஒட்டாமல் பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அங்கே யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளலாம்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்து வந்தவர் மேல் கேஸ் வரும், கம்பெனி பேர் கெடும் என்று பயந்து வேலையைவிட்டு எடுக்கிறவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே இல்லை.

நான் டைலர். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் லீவுக்குக் காசு கிடைக்குமா? வேலை போய்விடுமா?

இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார்கள் என்றால், இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் மற்ற நோய்க்குப் பார்ப்பது மாதிரிதான். டாக்டர் சான்று கொடுத்தால் நோய்க்கால உதவித்தொகையாக சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாளாவது பிடித்தம் போயிருக்க வேண்டும், அதனால் சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தீவிர மனநோய்க்கு நீண்டகால உதவியும் தனியாக உண்டு. அந்தத் தொகை வாங்கும் நாட்களில் உங்களை வேலையைவிட்டு நீக்குவது சட்டப்படி செல்லாது. சான்றில் என்ன நோய் என்று சூப்பர்வைசருக்கு விளக்க வேண்டியதும் இல்லை. நடைமுறையில் பயம் இருப்பது தெரியும். அதனால் முதல் நாளே சங்கத்திலோ நம்பிக்கையான மூத்த தொழிலாளி ஒருவரிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்களிடம் 20 மெஷின்தான், பெரிய கம்பெனிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க். எச்.ஆர்., நர்ஸ் ரூம் எல்லாம் கிடையாது. இதில் எதைச் செய்ய முடியும்?

உங்களுக்குப் பதிவேடு வேண்டியதில்லை, 25 பேரின் முகமும் தெரியும். ஆனால் முகம் தெரிந்த இடத்தில் மனசுக்குள் இருப்பதைச் சொல்வது இன்னும் கஷ்டம், ஏனென்றால் உங்களிடம் அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள். அட்வான்ஸ் கணக்கையும் வேலைப் பேச்சையும் கலக்காதீர்கள். டோக்கன், திட்டு, திடீர் ஓவர்டைம் பற்றிச் சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். நாள் டார்கெட்டை மேலே போட்ட மாதிரி கணக்குப் போட்டு எழுதி, பெரிய கம்பெனிக்காரர் வெள்ளிக்கிழமை மாலை கட்டு அனுப்பித் திங்கட்கிழமை காலை கேட்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். ஒத்துக்கொள்வார் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் கூடுதலாகக் கேட்க, வாய் வார்த்தையைவிட அந்தத் தாள் உதவும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் புகார்க் குழுவும் இ.எஸ்.ஐ.யும் உங்களுக்கும் உண்டு. அதற்குக் கீழே என்றால் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம் என்பதைச் சொல்லி வையுங்கள்.